ஒரே மவுண்ட்டில் இரண்டு தொலைநோக்கிகள்: கைடிங் வரைபடம் சீராக இருந்தும் விண்மீன்கள் நீள்வது ஏன்?

கேள்வி: மொட்டைமாடி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வீட்டு மொட்டைமாடியிலிருந்தும், அமாவாசையை ஒட்டிய வார இறுதிகளில் பொள்ளாச்சிப் பக்கம் உறவினர் ஒருவரின் தென்னந்தோப்பிலிருந்தும் வானத்தைப் பார்த்து வருகிறேன். என்னிடம் 8 அங்குல ஷ்மிட்-கேசெகிரெய்ன் (ஆடித் தொலைநோக்கி) ஒன்றும், 600 மி.மீ. குவியத் தூரமுள்ள 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்சுத் தொலைநோக்கி) ஒன்றும் உள்ளன. இரண்டையும் மவுண்ட்டில் (வானத்தின் சுழற்சியைப் பின்தொடர்ந்து திரும்பும் தாங்கியில்) ஒவ்வோர் இரவும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவதில் அலுத்துப்போய், ஷ்மிட்-கேசெகிரெய்னின் முதுகில் பிடிக்குள் நுழைத்து இறுக்கும் ஒரு டவ்டெயில் சட்டத்தைப் பூட்டி, அதன்மேல் ரிஃப்ராக்டரை இரண்டு வளையங்களில் உட்கார வைத்தேன். ரிஃப்ராக்டரின் பின்புறம், ஒரு விண்மீனைக் கவனித்து மவுண்ட்டின் ஓட்டத்தைத் திருத்தும் கைடு கேமரா இருக்கிறது. பெரிய குழாயில் 0.63 குவியக் குறைப்பி இருப்பதால் அதன் 2032 மி.மீ. ஏறத்தாழ 1280 மி.மீ. ஆகிறது, அதில் 4.3 மைக்ரான் பிக்சல் கொண்ட டி.எஸ்.எல்.ஆர். கேமராவால் படம் எடுக்கிறேன்.

சென்ற அமாவாசைக்குச் சிம்ம மும்மையை (சிம்ம ராசியில் அருகருகே தெரியும் மூன்று விண்மீன் பேரடைகளை) ஐந்து நிமிட எக்ஸ்போஷராக எடுத்தேன். இரவு முழுவதும் கைடிங் மென்பொருளான பி.எச்.டி.2 காட்டிய மொத்தப் பிழை 0.7 ஆர்க் செகண்ட் (ஓர் ஆர்க் செகண்ட் என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) அளவிலேயே நின்றது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனேன். காலையில் படங்களைத் திறந்தால், ஒவ்வொரு விண்மீனும் அரிசிமணி போல ஒரே திசையில் நீண்டிருந்தது.

குழாய்கள், கேமராக்கள், வளையங்கள் எல்லாம் சேர்ந்து 12 கிலோ. மவுண்ட்டின் வரம்பு 20 கிலோ. எடை கூடிவிட்டதா, அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததுதான் தவறா? அகலமான பலகையொன்றில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தீருமா? பின்னாளில் ரிஃப்ராக்டரிலும் ஒரு கேமராவை வைத்து ஒரே நேரத்தில் இரண்டு படங்கள் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அது நடக்கக்கூடியதுதானா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1: அறுமீன்

வணக்கம். எடையைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். எடை தாங்காத மவுண்ட் கைடிங் வரைபடத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் வரைபடம் சுத்தமாக இருக்கிறது. அந்த வரைபடம் பொய் சொல்லவில்லை, ஆனால் அது ரிஃப்ராக்டரின் கதையை மட்டுமே சொல்கிறது. ரிஃப்ராக்டர் ஒரு விண்மீனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் அதே ஐந்து நிமிடத்தில், அதற்குக் கீழே உள்ள பெரிய குழாய் மெல்ல வேறொரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு குழாய்களும் புவியீர்ப்புக்கு ஒரே மாதிரி வளைவதில்லை என்பதுதான் இங்கே கோளாறு.

எவ்வளவு சிறிய அசைவு இதற்குப் போதும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வளையங்கள் இரண்டுக்கும் இடையே 300 மி.மீ. தூரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அவற்றில் ஒன்று ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இறங்கினாலே குழாயின் பார்வை 7 ஆர்க் செகண்ட் திரும்பிவிடும். தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு. உங்கள் கேமராவிலோ ஒரு பிக்சல் என்பது 0.7 ஆர்க் செகண்ட்தான். வளையங்களின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணி அமுங்குவது, கைடு கேமராவின் கேபிள் தொங்கிக்கொண்டு இழுப்பது, ஃபோகஸர் குழாய் தன் திருகைத் தளர்த்திக்கொள்வது என இவற்றில் எது வேண்டுமானாலும் அந்த நூறில் ஒரு பங்கைத் தந்துவிடும்.

ஷ்மிட்-கேசெகிரெய்னில் இன்னொரு சேதியும் உண்டு. அதில் ஃபோகஸ் செய்யும்போது முதன்மை ஆடியே நடுக்குழாயின்மேல் வழுக்கி நகர்கிறது. அது வழுக்குவதற்காக விட்ட இடைவெளியிலேயே, குழாய் சாயச் சாய ஆடியும் சற்றே சாய்கிறது. வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கினாலும் இந்த அசைவு போகாது. ஃபோகஸ் செய்யும்போது கடைசித் திருப்பத்தை ஆடியை மேல்நோக்கித் தள்ளும் திசையிலேயே முடித்தால் ஓரளவு குறையும், அவ்வளவுதான்.

ஆனால் என் ஊகத்தை நம்பி அமைப்பை மாற்ற வேண்டாம், சோதித்துவிடுங்கள். முதலில், படத்தின் நான்கு மூலைகளிலும் விண்மீன்கள் ஒரே நீளத்தில், ஒரே திசையில் நீண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு புள்ளியைச் சுற்றி வில்லாக வளைந்திருந்தால் அது துருவச் சீரமைப்பின் (மவுண்ட்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்துவதன்) பிழை. நான் சொன்னது பொருந்தாது. ஒரே திசையில் இருந்தால், டிதரிங்கை (படங்களுக்கு இடையே மவுண்ட்டைச் சிறிது நகர்த்துவதை) நிறுத்திவிட்டு, கைடிங் ஓடிக்கொண்டிருக்க ஒரு நிமிடப் படங்கள் இருபது எடுங்கள். முதல் படத்திலும் இருபதாவது படத்திலும் ஒரே விண்மீன் எந்தப் பிக்சலில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள்.

மொட்டைமாடி

மிக்க நன்றி, அம்மா. நேற்றிரவு நிலவொளியையும் பொருட்படுத்தாமல் மாடியிலேயே சோதித்தேன். நான்கு மூலைகளிலும் ஒரே நீளம், ஒரே திசை. இருபது படங்களில் விண்மீன் 17 பிக்சல் நகர்ந்திருக்கிறது. அதாவது நிமிடத்துக்கு 0.85 பிக்சல், ஐந்து நிமிடத்துக்கு நான்கு பிக்சலுக்குச் சற்று மேல். என் அரிசிமணியின் நீளமும் மிகச் சரியாக அதுவே. தலைக்கு மேல் வடக்கு-தெற்காகச் செல்லும் மெரிடியன் கோட்டைக் கடந்து மவுண்ட் புரண்ட பிறகு மறுபடி எடுத்தபோது நகர்வின் திசையும் மாறிவிட்டது. அப்படியானால் பக்கவாட்டுப் பலகைதான் தீர்வு என்று எடுத்துக்கொள்ளலாமா? தெரிந்த லேத் பட்டறையில் 12 மி.மீ. அலுமினியத் தகடு கிடக்கிறது.

பதில் 2: கடைசல்காரன்

அந்தத் தகட்டில் கை வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை. முப்பது ஆண்டுகள் லேத்திலும் மில்லிங்கிலும் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வேலைக்கு 12 மி.மீ. போதாது.

பலகை என்றதும் எல்லோரும் அது தொய்வதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். மவுண்ட்டின் பிடியிலிருந்து இரு பக்கமும் கை நீட்டியது போலப் பலகை நிற்கிறது, ஒவ்வொரு கையிலும் ஒரு குழாய் உட்கார்ந்திருக்கிறது. கை தொய்ந்தால் என்ன ஆகும்? குழாய் தன் நீள அச்சிலேயே மிகச் சிறிது உருளும். குழாய் பார்க்கும் திசை அதனால் மாறாது, படமும் கெடாது. கேடு செய்வது முறுக்கம். ஈரத் துணியைப் பிழிவது போலப் பலகை தன் நீளவாட்டில் முறுக்கிக்கொண்டால் குழாயின் மூக்கு இறங்கிவிடும். குழாயின் எடை மையம் பலகையின் பரப்பிலிருந்து ஒரு சாண் அளவுக்கு எழும்பி நிற்பதால், வானத்தை நோக்கிக் குழாய் நிமிரும்போதெல்லாம் அந்த எடை பலகையை முறுக்கத்தான் பார்க்கும்.

கணக்கு இது. 4 கிலோ குழாய், அதன் எடை மையம் பலகைக்கு மேல் 9 செ.மீ., பிடியிலிருந்து 13 செ.மீ. தள்ளி நிற்கிறது, பலகையின் அகலம் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 12 மி.மீ. அலுமினியம் அதிகபட்சமாக 90 ஆர்க் செகண்ட் அளவுக்கு முறுகும். இந்த முழு முறுக்கமும் ஒரே நேரத்தில் வருவதில்லை; வானம் சுழலச் சுழலச் சிறிது சிறிதாக வரும். மோசமான நிலையில் ஐந்து நிமிடத்துக்கு 2 ஆர்க் செகண்ட் வரை வரலாம். தகட்டின் விறைப்பு ஏறத்தாழத் தடிமனின் மும்மடிப்படி ஏறும் என்பதால், 20 மி.மீ. தகட்டில் இது நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 6061 ரகம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் குற்றமில்லை, ஏனெனில் அலுமினிய ரகங்களுக்குள் வலிமைதான் மாறுமே தவிர விறைப்பு பெரிதாக மாறாது. தடிமனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். பலகையின் அடியில் வரும் டவ்டெயிலைக் குறுகலான விக்சன் ரகத்தில் செய்யாமல், 3 அங்குல அகலமுள்ள லாஸ்மாண்டி ரகத்தில் செய்யுங்கள். பிடி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு ஆட்டம் குறையும். அடுத்தது, இரண்டு குழாய்களையும் ஒரே திசைக்குக் கொண்டுவர மூன்று திருகு வளையங்களை வாங்கிவிடாதீர்கள். திருகு முனைகளில் நிற்கும் குழாய் ஊஞ்சலில் உட்கார்ந்தது போலத்தான். அதற்குப் பதிலாக டவ்டெயிலின் ஒரு முனைக்கு அடியில் பித்தளை ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வையுங்கள். 200 மி.மீ. நீளத்துக்கு ஒரு முனையில் 0.1 மி.மீ. ஷிம் வைத்தால் பார்வை ஒன்றே முக்கால் ஆர்க் மினிட் (60 ஆர்க் செகண்ட் ஓர் ஆர்க் மினிட்) திரும்பும். அரை மில்லிமீட்டர் வைத்தால் எட்டரை. பிறகு இறுக்கிவிட்டு மறந்துவிடலாம்.

பதில் 3: அறுமீன்

கடைசல்காரன் ஐயா சொன்ன முறுக்கத்தின் கணக்கு என் கண்களைத் திறந்தது. என் பலகை 15 மி.மீ.தான்.

ஆனாலும், மொட்டைமாடி, பலகைதான் தீர்வா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இல்லை என்பதே. எவ்வளவு தடித்த பலகையும் ஆடியின் வழுக்கலை நிறுத்தாது. இரண்டு குழாய்களுக்கு இடையே ஒப்பு அசைவு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அந்த அசைவு யார் தலையில் விழ வேண்டும் என்பதைத்தான் நாம் முடிவு செய்ய முடியும். இப்போது உங்கள் அமைப்பில் 600 மி.மீ. குழாய் கைடு செய்கிறது, 1280 மி.மீ. குழாய் படம் எடுக்கிறது. ஆகவே அசைவு முழுவதும் அதிக உருப்பெருக்கம் உள்ள படத்தில் விழுகிறது. இதைத் திருப்பிப் போடுங்கள். பெரிய குழாயின் கேமராவுக்கு முன்னால் ஓர் ஆஃப்-ஆக்சிஸ் கைடரை வையுங்கள். படத்துக்கு வரும் ஒளியின் ஓரத்திலிருந்தே ஒரு சிறு பட்டகம் கைடு விண்மீனை எடுத்துக்கொடுப்பதால், ஆடி சாய்ந்தாலும் குழாய் வளைந்தாலும் கைடிங் அதையும் சேர்த்தே திருத்திவிடும்.

அப்போது உங்கள் 17 பிக்சல் நகர்வு எங்கே போகும்? ரிஃப்ராக்டருக்குப் போகும். போகட்டும். நீங்கள் அளந்த வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.6 ஆர்க் செகண்ட். அதே வகைக் கேமராவை ரிஃப்ராக்டரில் வைத்தால் ஒரு பிக்சல் 1.5 ஆர்க் செகண்ட் ஆகிறது. இரண்டு நிமிட எக்ஸ்போஷரில் நகர்வு ஒரு பிக்சலைக்கூட எட்டாது. கோளாறு அப்படியேதான் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் இரட்டைப் படக் கனவுக்கும் வழி இதுதான்.

இரண்டு கேமராக்கள் ஓடும்போது டிதரிங்கில் மட்டும் கவனம் தேவை. ஒரு கேமரா படத்தை முடித்துவிட்டு மவுண்ட்டை நகர்த்தச் சொல்லும் நேரத்தில் மற்றது பாதிப் படத்தில் இருக்கும். படப்பிடிப்பைக் கட்டுப்படுத்தும் நினா மென்பொருளில் இதற்கென்றே ஒத்திசைவுச் செருகுநிரல் ஒன்று உண்டு; இரண்டு கேமராக்களும் முடிக்கும் வரை அது காத்திருந்து, பிறகே நகர்த்தும். அது இல்லாமல் செய்வதென்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, அதற்குள் இரண்டு நிமிடத்தில் இரண்டு என்று நேரத்தை நாமே பொருத்திக்கொள்ள வேண்டும்.

குறைப்பியின் பின்புறத் தூரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 8 அங்குலக் குழாய்களுக்கான வழக்கமான 0.63 குறைப்பிக்கும் சென்சருக்கும் இடையே 105 மி.மீ. வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் அதன் டி-வளையமும் 55 மி.மீ. எடுத்துக்கொள்ளும், மீதி 50 மி.மீ. இடத்தில் கைடர் தாராளமாக உட்காரும்.

இந்தச் சிக்கல் நம் தலைமுறைக்கு வந்ததென்று எண்ண வேண்டாம். 1887இல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள் வானம் முழுவதையும் ஒளிப்படத் தட்டுகளில் பதிவு செய்ய முடிவெடுத்தபோது, அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது ஆன்ரி சகோதரர்களின் 33 செ.மீ. கருவியை. தட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு ஓர் ஆர்க் மினிட் விழும்படி 3.43 மீட்டர் குவியத் தூரம் கொண்ட அந்தப் படக்குழாயோடு, கண்ணால் பார்த்துக் கைடு செய்வதற்கான தொலைநோக்கியையும் அவர்கள் தனியே பூட்டவில்லை; இரண்டு லென்சுகளையும் ஒரே செவ்வகக் குழாய்க்குள் வைத்துவிட்டார்கள். அதே வானப் பட்டியல் பணியில் நம் பக்கத்து ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகமும் பங்கெடுத்தது. நம்மால் ஒரே குழாய்க்குள் வைக்க முடியாது என்பதால்தான் ஆஃப்-ஆக்சிஸ் கைடரைத் தேடுகிறோம்.

பதில் 4: பதினோராம் பாகை

நான் படம் எடுப்பவன் அல்லன், கண்ணால் பார்ப்பவன். ஆனால் ஆறு ஆண்டுகளாக இரண்டு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால், சமநிலை பற்றி யாரும் இங்கே எழுதாத இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

பக்கவாட்டுப் பலகைக்கு மாறியதும் டெக் அச்சின் (குழாயை வடக்கு-தெற்காகத் திருப்பும் அச்சின்) சமநிலையை ஒரு முறை மட்டும் பார்ப்பது போதாது. எதிர் எடைத் தண்டைக் கிடைமட்டமாக வைத்து, குழாய்களையும் கிடைமட்டமாக்கிப் பார்த்தால் முன்பின் சமநிலை தெரியும். குழாய்களை முன்னும் பின்னும் நகர்த்தி அதைச் சரிசெய்யலாம். பிறகு குழாய்களைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். இப்போதுதான் பலகை தராசுக் கோல் போலக் கிடையாக வரும். கனமான குழாய் இருக்கும் பக்கம் சட்டென்று இறங்கும். பலகையையே பிடிக்குள் பக்கவாட்டில் நகர்த்தி இதைச் சரிசெய்ய வேண்டும் என்பதால், பலகையை வெட்டும்போதே அதற்கு இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். முதல் மாதம் முழுவதும் நான் கிடைநிலையை மட்டும் பார்த்துவிட்டு, தலைக்கு நேர் மேலே திரும்பும்போதெல்லாம் மோட்டார் ஏன் முனகுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும்போது இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அங்கே இரண்டாவது குழாய் டெக் அச்சின் நேர் மேலேயே நிற்கிறது. ஆனால் அது தள்ளி நிற்பதால் எதிர் எடை அதிகம் கேட்கும். பக்கவாட்டில் அது மிச்சமாகும் என்று நினைத்தால், பலகையின் எடையே அந்த மிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது.

இரண்டாவது செய்தி நம் ஊருக்கே உரியது. கோவையில் துருவ விண்மீன் 11 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. துருவத்தை நோக்கி நிற்கும் ஆர்.ஏ. அச்சு ஏறத்தாழப் படுத்தே இருப்பதால், எதிர் எடைத் தண்டு கீழே தொங்கும்போது வடக்குக் காலுக்கு மிக அருகில் வருகிறது. ஐரோப்பியர்கள் தங்கள் 50 பாகையில் தண்டை நீட்டிக்கொண்டே போகலாம். இங்கே நீட்டினால் எடை முக்காலியின் காலில் முட்டும். காலை வேறு திசைக்குத் திருப்பி வைத்தால் முட்டாது, ஆனால் மவுண்ட்டின் தலை வடக்கே துருத்திக்கொண்டு நிற்பதால் அந்தப் பக்கம் ஒரு கால் இருப்பதே பாதுகாப்பு.

ஆகவே தண்டை நீட்டாமல் எடையைக் கூட்டுங்கள். 40 செ.மீ. தூரத்தில் 10 கிலோ செய்யும் வேலையை 27 செ.மீ. தூரத்தில் 15 கிலோ செய்துவிடும். காலில் முட்டாது என்பதோடு, எடை அச்சுக்கு அருகில் இருப்பதால் சுழற்சி நிலைமம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மோட்டாருக்கும் காற்றுக்கும் அது நல்லது. மவுண்ட்டின் 20 கிலோ வரம்பில் எதிர் எடை சேராது என்பதால் தயங்க வேண்டியதில்லை.

மொட்டைமாடி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். நண்பர் ஒருவரின் ஆஃப்-ஆக்சிஸ் கைடரை இரவல் வாங்கி, குழாய்களை இருந்தபடியே ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டுத் தோப்பில் சோதித்தேன். கைடரின் பட்டகத்தில் ஒரு விண்மீனைப் பிடிப்பதற்கே முதல் இரவில் ஒன்றரை மணி நேரம் போனது. பட்டகம் கேமராவின் குறுகிய பக்கத்தில் நின்றிருக்கிறது. அதை நீண்ட பக்கத்துக்குத் திருப்பி, பகலிலேயே தொலைவில் உள்ள ஒரு செல்பேசிக் கோபுரத்தைக் காட்டி ஃபோகஸ் வைத்த பிறகே வேலை நடந்தது.

அதே இருபது படச் சோதனையில் பெரிய குழாயில் விண்மீனின் நகர்வு இப்போது ஒரு பிக்சலுக்குள். ஐந்து நிமிடப் படங்களில் அரிசிமணிகள் இல்லை. ரிஃப்ராக்டரின் முனையில் பழைய கேமரா ஒன்றை வைத்து இரண்டு நிமிடப் படங்கள் எடுத்தேன். அம்மா சொன்னது போலவே விண்மீன்கள் உருண்டையாக இருக்கின்றன. ஆசைக்கு ஒருமுறை எட்டு நிமிடம் வைத்துப் பார்த்தேன், பழைய அரிசிமணி உடனே திரும்பி வந்துவிட்டது.

பதினோராம் பாகை நண்பருக்கு: மூன்றாவது எடையை வாங்கிவிட்டேன். இவ்வளவு நாளும் தண்டின் கடைசியில் தொங்கிய எடைகள் இப்போது நடுவிலேயே நிற்கின்றன, காலுக்கும் எடைக்கும் இடையே நான்கு விரல் இடம் இருக்கிறது. பலகையையும் செய்யக் கொடுத்திருக்கிறேன். 20 மி.மீ. என்றதும் பட்டறைக்காரர், இதன்மேல் என்ன ஜெனரேட்டரா வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.